பழைய டிரெய்லர் வீடுகளும் ஒழுகும் குழாய்களும்: ஒரு வரலாறு

சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்க ஒரு பெரிய வண்டி நிற்குமே, கேரவன், அதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு தாத்தா உண்டு. இன்ஜின் கிடையாது. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்ல வேண்டிய சின்ன வீடு அது. அமெரிக்காவில் இதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். படுக்கை, அடுப்பு, அலமாரி, சில வண்டிகளில் குளியலறையும் கழிப்பறையும், எல்லாமே சுமார் 8 அடி அகலத்துக்குள் அடக்கம்.

1930-களிலிருந்து 1970-கள் வரை செய்யப்பட்ட இந்த டிரெய்லர்களில் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றைத் தேடிப்பிடித்து வாங்கி, பழையபடி ஆக்குவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுக்கு அலுமினியத் தகட்டைப் பளபளப்பாக்குவது கஷ்டமில்லை. டயர் புதிதாகக் கிடைக்கும். மெத்தையைத் தைத்துக்கொள்ளலாம். தலைவலி கொடுப்பது தண்ணீர்க் குழாயும் அதைச் சேர்ந்த சாமான்களும்தான். ஒரு டிரெய்லர் பிழைக்குமா அல்லது காயலான் கடைக்குப் போகுமா என்பதைப் பல நேரங்களில் முடிவு செய்வது ஒரு சின்ன வாஷர். நம்ப முடியவில்லையா? வரலாற்றைப் பார்த்தால் காரணம் புரியும்.

வாளியும் குடமும்

1919-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் டாம்பா நகரில் "டின் கேன் டூரிஸ்ட்ஸ்" என்று ஒரு சங்கம் உருவானது. காரில் ஊர் ஊராகச் சுற்றி, கூடாரம் போட்டுத் தங்குபவர்களின் சங்கம். அவர்களுக்குக் குழாயும் இல்லை, கழிப்பறையும் இல்லை. வாளியும் குடமும்தான்.

1920-களின் கடைசியில் கூடாரத்துக்குப் பதில் சக்கரம் வைத்த பெட்டி வீடு வந்தது. டெட்ராய்ட் பக்கத்தில் ஆர்தர் ஷெர்மன் என்பவர் ஆரம்பித்த "கவர்டு வேகன்" நிறுவனம் 1930-களின் நடுவில் இந்தத் தொழிலில் முதலிடத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவில் வாலி பயம் 1931-ல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கினார். சமையலறை இல்லாமல் கேம்பிங் வர மாட்டேன் என்று அவர் மனைவி சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று அந்த நிறுவனமே கதை சொல்கிறது!

1934-ல் ஹாலி போலஸ் என்ற கிளைடர் விமான வல்லுநர் "ரோடு சீஃப்" என்ற அலுமினிய டிரெய்லரைச் செய்தார். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தைக் கட்டிய வேலையிலும் இவருக்குப் பங்கு உண்டு. போலஸின் கம்பெனி சீக்கிரமே மூடப்பட்டது. அதே பாணியில் 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் "கிளிப்பர்" வந்தது. விலை 1,200 டாலர். அன்றைய தேதிக்குப் பெரிய தொகை. நான்கு பேர் தூங்கலாம். மின்விளக்கு இருந்தது. முக்கியமாக, வண்டிக்கென்று சொந்தத் தண்ணீர் ஏற்பாடு இருந்தது.

அந்தக் காலத்து டிரெய்லர்களில் தண்ணீர் ஏற்பாடு என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு தொட்டி, சிங்க் பக்கத்தில் கையால் அடிக்கும் ஒரு குட்டிப் பம்பு, சிங்கிலிருந்து கீழே போகும் ஒரு குழாய். கீழே ஒரு வாளியை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது. கழிப்பறை வேண்டுமென்றால் டிரெய்லர்கள் நிற்கும் மைதானத்தில் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின் போது ஆயுதத் தொழிற்சாலை வேலையாட்கள் தங்குவதற்காக அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கில் டிரெய்லர்களை வாங்கியது. அவர்களும் பொதுக் குளியலறைக்கு வரிசையில்தான் நின்றார்கள்.

இரண்டாகப் பிரிந்த பாதை

போருக்குப் பின் ஒரு திருப்பம் வந்தது. வீட்டுப் பற்றாக்குறையால் மக்கள் டிரெய்லரிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க ஆரம்பித்தார்கள். 8 அடி அகலம் போதவில்லை. 1954-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்மர் ஃப்ரே 10 அடி அகல டிரெய்லரைக் கொண்டுவந்தார். இதிலிருந்து "மொபைல் ஹோம்" தனி வழியில் போனது. பெயருக்குத்தான் மொபைல், ஒருமுறை இழுத்து வந்து நிறுத்தினால் அப்புறம் நகராது. இடம் இருந்ததால் சாதாரண வீட்டுக்குப் போடும் குளியல் தொட்டி, வாஷ்பேசின், குழாய் எல்லாம் இதற்குள்ளும் பொருந்தின.

டிராவல் டிரெய்லருக்கு அந்த வசதி இல்லை. அது எடை குறைவாகவும் அகலம் குறைவாகவும் இருந்தாக வேண்டும். அதனால் அதற்கென்றே தனியாக, சின்னதாக, மூலையில் பொருந்துகிற மாதிரி சாமான்கள் செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கு மாற்றுப் பாகம் கிடைக்காத பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

காற்றடித்த தண்ணீர்

1957-ல் ஏர்ஸ்ட்ரீம் "இன்டர்நேஷனல்" மாடலைக் கொண்டுவந்தது. வெளியே எந்த இணைப்பும் இல்லாமல் விளக்கு, சுடுதண்ணீர், குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, சமையலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இயங்கும். தன்னிறைவு டிரெய்லர் என்ற எண்ணம் இதிலிருந்து பரவியது.

அந்தக் காலத்தில் குழாயில் தண்ணீர் வேகமாக வர ஒரு எளிய யுக்தியைப் பயன்படுத்தினார்கள். துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டி, நம் ஊரில் ஜி.ஐ. என்று சொல்வோமே, அதுதான். அதில் முழுவதும் நிரப்பாமல் தண்ணீர் பிடித்து, மேலே இருக்கும் இடத்தில் சைக்கிள் பம்பாலோ பெட்ரோல் பங்க்கிலோ காற்று அடிப்பார்கள். அழுத்தப்பட்ட காற்று தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளும். சில வண்டிகளில் இதற்கென்று சின்ன மின்சாரக் கம்ப்ரஸர் வைத்தார்கள். 1960-களில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பம்புகள் வந்தன. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், உடனே பம்பு ஓடும். மூடினால் நின்றுவிடும். அழுத்தம் தாங்கும் கனமான இரும்புத் தொட்டிக்கு வேலை போய்விட்டது. அதன் இடத்தை லேசான பிளாஸ்டிக் தொட்டி பிடித்தது.

இதே காலத்தில் கழிப்பறையும் மாறியது. 1963-ல் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் தெட்ஃபோர்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. வண்டிகளுக்கான கழிப்பறை செய்வதே அதன் முக்கியத் தொழில். காலால் மிதித்தால் தண்ணீர் வரும், அடியில் இருக்கும் கதவு திறக்கும், கழிவு கீழே உள்ள தொட்டிக்குப் போகும். கையில் தூக்கிப்போகும் "போர்ட்டா பாட்டி" 1968-ல் வந்தது. 1970-களில் கழிவை இன்ஜின் புகைக்குழாயின் சூட்டில் செலுத்தி எரித்துவிடும் ஏற்பாடு கூட சில மோட்டார் வீடுகளில் இருந்தது. "தெர்மசான்" என்று பெயர். அது நிலைக்கவில்லை என்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது :-)

ஏன் கிடைப்பதில்லை?

சரி, ஒரு குழாய் கெட்டுப்போனால் கடையில் வேறு வாங்கிப் போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். நான்கு காரணங்கள்.

ஒன்று, அளவு. அமெரிக்க வீட்டு வாஷ்பேசின்களில் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர்த் துளைகளுக்கு இடையே வழக்கமாக 4 அங்குலம் இருக்கும். பழைய டிரெய்லரில் அதே அளவு இருந்தால் அது அதிர்ஷ்டம். பல வண்டிகளில் இருக்காது. குளியல் தொட்டியோ வளைந்த சுவரின் வடிவத்துக்கே வார்க்கப்பட்டிருக்கும்.

இரண்டு, செய்தவர்கள் இல்லை. 1930-களில் நூற்றுக்கணக்கான சின்னக் கம்பெனிகள் டிரெய்லர் செய்தன. பெரும்பாலானவை போருக்கு முன்பே மூடிவிட்டன. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியபோது இன்னொரு சுற்றுக் கம்பெனிகள் காணாமல் போயின. அவர்களுக்குச் சாமான் கொடுத்தவர்களும் கூடவே போனார்கள்.

மூன்று, பொருள். ஆரம்பத்தில் பித்தளை. அதன்மேல் குரோமியப் பூச்சு. பிறகு செலவைக் குறைக்கத் துத்தநாகக் கலவை வார்ப்பு, அப்புறம் பிளாஸ்டிக். பித்தளையைப் பழுது பார்க்கலாம். துத்தநாக வார்ப்பு உள்ளிருந்து அரித்துப் பொடியாக உதிர்ந்தால் பற்றவைக்க எதுவும் மிஞ்சாது. அதாவது பல விஷயங்களில் 1950-ன் குழாயைவிட 1970-ன் குழாயைக் காப்பாற்றுவது கஷ்டம்!

நான்கு, எட்டாத இடம். முதலில் குழாயைப் போட்டு, அதன்மேல் அலமாரியைக் கட்டியிருப்பார்கள். ஒரு நட்டைக் கழற்ற அலமாரியையே பிரிக்க வேண்டும்.

ஒழுகினால் என்ன ஆகும்?

வீட்டில் குழாய் ஒழுகினால் தண்ணீர் வீணாகும், கரை படியும். டிரெய்லரில் வண்டியே போய்விடும்.

ஏர்ஸ்ட்ரீமை எடுத்துக்கொள்வோம். கீழே இரும்புச் சட்டம். அதன்மேல் பிளைவுட் தரை. அந்தப் பிளைவுட்டின் ஓரத்தில் அலுமினியக் கூடு உட்கார்ந்திருக்கும். போல்ட் கூட்டிலிருந்து பிளைவுட் வழியாகச் சட்டத்துக்குப் போகும். அதாவது கூட்டையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பதில் பிளைவுட்டுக்கும் பங்கு உண்டு. 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் வந்த பல மாடல்களில் குளியலறை வண்டியின் கடைசியில் இருந்தது. கழிப்பறை அடியிலோ குழாய் மூட்டிலோ கசியும் தண்ணீர் அங்கேயே தேங்கும். பிளைவுட் ஊறி உளுத்துப்போகும். இரும்பு துருப்பிடிக்கும். பிறகு பிடிமானம் போய், கூடு தனி, சட்டம் தனி என்று பிரியும். பழைய ஏர்ஸ்ட்ரீம் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்யும் சோதனை, பின் பம்பரில் ஏறி நின்று குதிப்பது. பம்பர் மட்டும் இறங்கி, கூடு இறங்காமல் நின்றால் விஷயம் முடிந்தது. முழுத் தரையையும் பிரித்தாக வேண்டும்.

இது போதாதென்று குளிர் வேறு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. குளிர்காலத்துக்கு முன் குழாயைக் காலி செய்ய மறந்தால் செம்புக் குழாய் நீளவாக்கில் பிளந்துவிடும், பித்தளை வால்வின் உடல் வெடித்துவிடும். அதனால் அங்கே பலர் தண்ணீரை வடித்துவிட்டுக் குழாய்க்குள் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை விடுகிறார்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

பழுது பார்க்கும் கலை

பழைய கை பம்பில் இருந்து தொடங்கலாம். நம் ஊர் அடிபம்பில் இருப்பது போலவே உள்ளே கிண்ண வடிவத் தோல் வாஷர் இருக்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து சுருங்கியிருக்கும். புதுத் தோலை வட்டமாக வெட்டி, ஊறவைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, எண்ணெய் தடவிப் போட்டால் பம்பு மறுபடி தண்ணீர் இறைக்கும்.

பித்தளைக் குழாயில் முதல் எதிரி வாஷர். அடுத்தது வாஷர் உட்காரும் இடம். அந்த இடம் குழி விழுந்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டும். அதைச் சமமாகச் சீவிவிட ஒரு கைக்கருவி உண்டு. தண்டைச் சுற்றி ஒழுகினால் நட்டைக் கழற்றி கிராஃபைட் அல்லது டெஃப்லான் கயிறு சுற்ற வேண்டும். நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் வாயில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறுபது வருடக் குரோமியப் பூச்சு ஒரு நொடியில் கீறிவிடும்.

கழிப்பறை விஷயத்தில் பெரும்பாலும் போவது ரப்பர் வளையம்தான். வண்டி நிற்கும் நாட்களில் அது காய்ந்து வெடிக்கும். அதே அளவு கிடைக்காவிட்டால் ரப்பர் ஷீட்டிலிருந்து வெட்டிக்கொள்கிறார்கள். அதற்கு சிலிகான் கிரீஸ்தான் தடவ வேண்டும். வாஸலின் போன்ற பெட்ரோலிய வகை சில ரப்பர்களை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

பிளாஸ்டிக் சாமானுக்கு முதல் வேலை, அது எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிப்பது. 1960, 70-களின் பல குளியல் தொட்டிகளும் கழிவுத் தொட்டிகளும் ஏ.பி.எஸ். வகை. ஏ.பி.எஸ். அசிட்டோனில் கரையும். அதனால் அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி விரிசலில் பூசினால், அசிட்டோன் ஆவியானதும் விரிசல் ஒரே பொருளாக ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் ஏ.பி.எஸ். தகட்டை ஒட்டி வலுவூட்டுவார்கள். ஆனால் பாலித்தீன் தொட்டியில் இந்த வித்தை பலிக்காது. அசிட்டோன் அதைக் கரைக்காது, சாதாரணப் பசையும் பிடிக்காது. சூடு வைத்து உருக்கித்தான் ஒட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பசை தடவி, பயணத்தின் நடுவில் தொட்டி பிளந்தால் என்ன கதி என்று விளக்க வேண்டியதில்லை.

சாம்பல் நிறக் குழாயின் கதை

எல்லாவற்றையும் பழுது பார்க்கலாமா? கூடாது. அதற்கு இரண்டு உதாரணங்கள்.

1970-களின் கடைசியில் அமெரிக்காவில் பாலிபியூட்டிலீன் என்ற குழாய் பிரபலமானது. பெரும்பாலும் சாம்பல் நிறம். செம்பைவிட மலிவு, வளையும், பொருத்துவது சுலபம். வீடுகள், மொபைல் ஹோம்கள், டிரெய்லர்கள் என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். சில வருடங்களில் இணைப்புகளில் விரிசல் விட ஆரம்பித்தது. தண்ணீரைச் சுத்தப்படுத்தச் சேர்க்கும் குளோரின், குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்து பலவீனமாக்கியது. வழக்குகள் குவிந்தன. 1995-ல் டென்னசி மாநில நீதிமன்றத்தில் ஷெல், ஹெக்ஸ்ட் செலனீஸ் நிறுவனங்கள் குறைந்தது 95 கோடி டாலர் தருவதாக சமரசம் செய்துகொண்டன. இந்தக் குழாய் உள்ள வண்டியில் ஒரு மூட்டைச் சரிசெய்தால் அடுத்த மூட்டு விரிசல் விடும். முழுதாக எடுத்துவிட்டு, இன்று பரவலாக உள்ள பெக்ஸ் குழாய் போடுவதே வழி.

இரண்டாவது உதாரணம் ஈயம். அந்தக் காலத்துச் செம்புக் குழாய்களைப் பற்றவைத்த கலவையில் பாதிக்குப் பாதி ஈயம் இருப்பது சகஜம். பித்தளையிலும் ஈயம் கலந்திருக்கும். குடிதண்ணீர்க் குழாய்களை ஈயப் பற்றால் இணைப்பதை அமெரிக்கா 1986-ல் தடை செய்தது. குழாயில் 8 சதவீதம் வரை ஈயம் இருக்கலாம் என்று அப்போது விட்டிருந்தார்கள். 2011-ல் இயற்றி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் அதைத் தண்ணீர் படும் பரப்பில் சராசரியாக 0.25 சதவீதமாகக் குறைத்தது. ஆகவே 1955-ம் வருடத்து அழகான குழாயை எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும், அதில் வரும் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி நிற்கிறது. வாஸர் மாற்றினால் ஒழுகுவது நிற்கும், ஈயம் போகாது.

இதற்குப் பலர் ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். பழைய குழாயைக் கை கழுவ, பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டு, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் ஈயமில்லாத புதுக் குழாயைத் தனி வழியில் கொண்டுவருவது. வண்டியின் தோற்றமும் கெடாது, உடம்பும் கெடாது.

இன்றைய நிலை

"டின் கேன் டூரிஸ்ட்ஸ்" சங்கம் இடையில் மறைந்து, 1998-ல் பழைய டிரெய்லர் பிரியர்களின் சங்கமாக மறுபடி உயிர் பெற்றது. இப்போது அவர்களுக்கு ஒரு புதுத் துணையும் கிடைத்திருக்கிறது. முப்பரிமாண அச்சுக்கான ஒரு முக்கியக் காப்புரிமை 2009-ல் காலாவதியானதும் அந்த இயந்திரங்கள் மலிவாகி வீடுகளுக்கு வந்தன. உடைந்த குழாய்க் கைப்பிடி, மிதி, மூடி போன்றவற்றை அளந்து, அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஆனால் அடுக்கடுக்காக அச்சிடப்படும் பாகத்தில் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் கசியலாம். அதனால் அழுத்தம் தாங்க வேண்டிய வால்வு உடலுக்கு இது சரிப்படாது. அங்கே இன்னமும் லேத் பட்டறையும் பித்தளைக் கட்டியும்தான்.

திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஜி.ஐ. தொட்டி வந்தபோது அதுதான் புதுமை. அது துருப்பிடித்தது. செம்பு வந்தது, பனியில் பிளந்தது. பாலிபியூட்டிலீன் வந்தது, நீதிமன்றம் வரை போனது. இப்போது பெக்ஸ். இதற்கும் வயதாகும். அப்போது யாரோ ஒருவர் அலமாரியைப் பிரித்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார். முதலில் கட்டியவர் கை நுழைய ஒரு சின்னக் கதவாவது விட்டு வைத்திருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.